அடிபட்டவனுக்கே அவமானம்

1667ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10ஆம் நாள். டச்சுக்காரரின் கடற்படை தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தை நெருங்கிவிட்டது என்னும் செய்தியால் இலண்டன் மாநகரம் கலங்கியிருந்தது. கடற்படை அலுவலகத்தைச் சேர்ந்த சாமுவேல் பெப்பீஸ் அன்று கிரீனிச் நகர் வழியே சென்றார். அங்கே தெருவில் பெரியதொரு கேலி ஊர்வலம் நடந்துகொண்டிருந்தது. அவ்வூர்க் கான்ஸ்டபிளை அவருடைய மனைவி அடித்துவிட்டாளாம்; அதன் பொருட்டே இவ்வாரவாரம் என்று அவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஊரின் அமைதியைக் காக்கும் அதிகாரி தம் வீட்டில் அடிபட்டார். ஊரார் அதற்கு அளித்த மறுமொழி சிரிப்பு.

இவ்வழக்கத்திற்கு 'ஸ்கிம்மிங்டன் சவாரி' என்று பெயர். மனைவியிடம் அடிபட்டவன் இன்னான் என்று தெரிந்ததும் ஊரார் திரண்டு, சட்டிகளையும் வாணலிகளையும் தட்டிக் கொம்பு ஊதிப் புறப்படுவர். குதிரைமீதோ கழுதைமீதோ பெண் வேடமிட்ட ஆடவன் ஒருவன் அமர்வான். அவனுக்குப் பின்னே, விலங்கின் வாலை நோக்கியவாறு, கணவன் வேடம் பூண்டவன் இருப்பான். முன்னவன் பெரிய கரண்டியால் பின்னவனை மொத்திக்கொண்டே செல்வான். அடிபட்டவனுக்குப் பதிலாக அடுத்த வீட்டுக்காரனை ஏற்றும் வழக்கமும் இருந்தது. பிரான்ஸ் நாட்டிலும் அடிபட்ட கணவனைக் கழுதைமேல் பின்புறம் நோக்கி அமர்த்தி ஊர்வலம் விட்டனர்.

சாமர்செட் பகுதியிலுள்ள மான்டக்யூட் மாளிகையின் பெருங்கூடத்தில் இக்காட்சியைச் சுண்ணச் சாந்துச் சிற்பமாக இன்றும் காணலாம். குழந்தையைக் கையில் ஏந்திய கணவன் பீப்பாயிலிருந்து பானம் அருந்துகிறான்; மனைவி அவனைக் காலணியால் அடிக்கிறாள். அடுத்த பகுதியில் கழியின்மேல் ஏற்றப்பட்டவனைத் தூக்கிக்கொண்டு ஊரார் செல்கின்றனர்.

இத்தண்டனை எதற்கு? அன்றைய கருத்தின்படி நாட்டுக்கு அரசன் எவ்வாறோ, வீட்டுக்குக் கணவன் அவ்வாறு. மனைவியை 'மிதமாகத் திருத்தும்' உரிமையைப் பழைய சட்டம் அவனுக்கு வழங்கியிருந்ததாக 18ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதுகிறார். ஆகவே கையோங்கிய மனைவி கலகக்காரியானாள்; அதற்கு இடங்கொடுத்தவன் கடமை தவறியவனானான். பெண்ணை அடிக்கலாம் என்ற அதே நினைப்புத்தான், அடிபட்ட ஆணின் வாயையும் அடைத்தது. இருவர் துன்பத்திற்கும் வேர் ஒன்றே.

ஊர்வலங்கள் காலப்போக்கில் மறைந்தன, வெட்கம் மறையவில்லை. இல்லறக் கொடுமையால் படுகாயமடைவோரில் பெரும்பாலோர் பெண்கள் என்பது உண்மை. அவ்வுண்மை, அடிபடும் ஆடவர்களை இல்லாதவர்களாக்கிவிடாது. நெருங்கிய துணையை ஓயாது அடக்கி வதைப்பதை இங்கிலாந்தும் வேல்ஸும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாக்கின. அதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. அச்சட்டத்தின்கீழ் 2018ஆம் ஆண்டில் ஒரு பெண் சிறை சென்றாள். துணைவனுக்கு உணவை மறுத்து, கத்தியாலும் கொதிநீராலும் அவனைக் காயப்படுத்தியவள் அவள். கேட்டவர்களிடமெல்லாம் காயங்களுக்கு வேறு காரணம் கூறிவந்த அவ்விளைஞன், காவலர் ஒருவர் தனியே அழைத்து நயமாக வினவியபோதே உண்மையைச் சொன்னான்.

நம் நாட்டில் குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் பாதுகாப்புக்காகவே இயற்றப்பட்டது. எனினும் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம், கொடுமைக்காக நீதிமன்றத்தை அணுகும் உரிமையை இருபாலருக்கும் அளிக்கிறது. அவ்வாறு கணவர் ஒருவர் தொடுத்த வழக்கில், மனைவியின் வசையும் அச்சுறுத்தலும் கொடுமையே என 1975இல் உச்ச நீதிமன்றம் கண்டது. ஆயினும் அவர் அதன்பின்னும் அவளுடன் வாழ்ந்தமையால், மன்னித்துவிட்டதாகக் கருதி, கோரிய பரிகாரத்தை மறுத்தது.

பொறுத்திருந்தவன் மன்னித்தவனாகவும், சொல்லியவன் கோழையாகவும் எண்ணப்பட்டால் அவன் எங்கே செல்வான்? கிரீனிச் கான்ஸ்டபிளிடம், உமக்கு என்ன நேர்ந்தது என்று வினவியவர் உண்டோ, அறியோம். இல்லத்தினுள் அடிபடுபவர் ஆணாயினும் பெண்ணாயினும், அயலார் முதலில் கேட்கவேண்டியது அதுவே.