திரைப்பாட்டும் நேயர் தீர்ப்பும்

பம்பாயிலோ தில்லியிலோ கான்பூரிலோ நெடுநாள் வாழ்ந்த தமிழன்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அண்டை வீட்டு முதியவரிடம் பழைய ஹிந்தித் திரைப்பாட்டு ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும். அது எந்தப் படத்தில் வந்தது, இசையமைத்தவர் யார், இயற்றிய கவிஞர் யார், பாடியவர் யார், எந்த ஆண்டில் வெளிவந்தது என்பவற்றையெல்லாம் தங்கு தடையின்றி ஒப்பித்துவிடுவார். படத்தைப் பார்த்ததுண்டா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பார். பார்க்காத படத்தின் பாட்டுக்கு இத்தனை விவரமும் அறிந்து, அது உயர்ந்ததா தாழ்ந்ததா என்று வாதிடவும் செய்கிற இந்த ரசிகர் கூட்டம் எவ்வாறு உருவாயிற்று? இசைத்தட்டு, வானொலி, தபாலட்டை ஆகிய மூன்றும் சேர்ந்து இதனை உருவாக்கின.

முதலில் இசைத்தட்டைப் பார்ப்போம். 1931-ஆம் ஆண்டில் ‘ஆலம் ஆரா’ என்னும் முதல் இந்தியப் பேசும் படம் வெளிவந்தது. அதற்குப் பின் சில ஆண்டுகளுக்குள் திரைப்பாட்டு, இசைத்தட்டு வாணிபத்தின் பெரும் பகுதியைக் கைப்பற்றிக் கொண்டது. கல்கத்தாவை அடுத்த டம் டம்மில் இருந்த கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலையிலிருந்து, நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகள் நாடெங்கும் சென்றன. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிஷமே அடங்கும். நம் திரைப்பாட்டுக்கு அளவு வகுத்தது சங்கீத சாஸ்திரமன்று. அந்தத் தட்டின் அகலமே. தட்டின் நடுவே ஒட்டிய வட்டக் காகிதந்தான் ரசிகனுக்குக் கிடைத்த முதல் பாடநூல். ஆனால் அந்தப் பாடநூலில் பிழையும் மறைப்பும் மலிந்திருந்தன. 1935-இல் நியூ தியேட்டர்ஸாரின் ‘தூப் சாவ்’ படத்தில் பின்னணிப் பாட்டு முறை வந்தபின், திரையில் வாயசைப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்றாயிற்று. பாடியவரின் பெயரைத் தட்டில் பொறிக்க வேண்டுமென்று பல காலம் எவருக்கும் தோன்றவில்லை. கதாபாத்திரத்தின் பெயரையே பாடகியின் பெயராக அச்சிட்டுவிடுவது வழக்கமாயிருந்தது.

1949-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மஹல்’ படத்தின் கதை யாவரும் அறிந்ததே. கேம்சந்த் பிரகாஷ் இசையமைத்த அப்படத்தின் புகழ்பெற்ற பாட்டை லதா மங்கேஷ்கர் பாடினார். தட்டிலோ ‘காமினி’ என்றே இருந்தது. அது மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். வானொலியில் அப்பாட்டு ஒலிபரப்பானதும், இந்தக் குரலுக்குரியவர் யார் என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. வானொலி நிலையத்தார் இசைத்தட்டுக் கம்பெனியை விசாரித்துப் பெயரைத் தெரிந்து அறிவிக்கும்படி ஆயிற்று. கம்பெனியாரும் படமுதலாளிகளும் கொடாத ஒன்றை, முகமறியாத நேயர்கள் கேட்டுப் பெற்றார்கள். திரைப்பாட்டு ரசிகர்களின் வரலாற்றை இந்த நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவது பொருத்தம் என்பது என் கருத்து.

அடுத்து வந்தது பெரும் பிணக்கு. 1952-ஆம் ஆண்டு டாக்டர் பி. வி. கேஸ்கர் மத்திய சர்க்காரின் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானார். பாரிஸில் பயின்றவர், சாஸ்திரீய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவர். திரைப்பாட்டு நாட்டின் இசைச் சுவையைக் கெடுத்து வருகிறது என்பது அவர் கொண்ட முடிவு. மேனாட்டு மெட்டுகளின் கலப்பும் காதல் பாட்டுகளின் மலிவும் அவருக்குப் பிடிக்கவில்லை. வானொலியில் திரைப்பாட்டுக்குரிய நேரம் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. அந்தப் பங்கிலும் பொறுக்கி எடுத்த பாடல்களே இடம்பெறலாம் என்றாயிற்று. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் ஆகும் என்று கருதி, பாடியவர் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்றும் விதித்தனர். படத்தயாரிப்பாளர்கள் சினங்கொண்டு, தங்கள் பாடல்களை ஒலிபரப்பத் தந்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றனர். சில மாதங்களுக்குள் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டின் ஒலி அடங்கிவிட்டது.

கேஸ்கரை ஏளனம் செய்வது எளிது, பலரும் செய்திருக்கின்றனர். ஆனால் அதே 1952-இல் அவர் காலத்தில் தொடங்கிய தேசீய சங்கீத நிகழ்ச்சியின் வாயிலாகத்தான் கர்நாடக சங்கீத வித்துவான்களின் கச்சேரிகள் வட நாட்டின் மூலை முடுக்குகளிலும் ஒலித்தன. ஹிந்துஸ்தானி விற்பன்னர்கள் தென்னாட்டு இல்லங்களை எட்டினர். வேறு மாநிலங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ அந்நிகழ்ச்சிக்கு நன்றி பாராட்டியிருக்கும். நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று அவர் எண்ணியதில் குற்றமில்லை. ஒன்றைக் கொடுப்பதற்கு மற்றொன்றைப் பிடுங்க வேண்டும் என்று எண்ணியதில்தான் இடர் விளைந்தது. கேட்பவன் கையில் வானொலிப் பெட்டியின் திருகு இருக்கிறது என்பதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

அந்தத் திருகு இலங்கைப் பக்கம் திரும்பியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமைக்காக இலங்கையில் வானொலி நிலையம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. போர் முடிந்தபின் அதன் வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பி ரேடியோ சிலோனுக்கு வந்து சேர்ந்தது. 1950-இல் அங்கு வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. ஆஸ்திரேலியரான கிளிஃபோர்டு டாட் அதனைத் திறம்பட நடத்தினார். படைவீரருக்காக எழுப்பிய கோபுரம் பாட்டு ரசிகருக்குப் பயன்பட்டது. இமயமலை அடிவாரம் வரையில் கொழும்பின் குரல் தெளிவாகக் கேட்டது. தமிழ்நாட்டில் இருந்தவர்களும் தமிழ்த் திரைப்பாட்டுக்காக அதே நிலையத்தின் தமிழ் ஒலிபரப்பை நாடினர். பத்து வீடுகளில் ஒன்பது வீட்டுப் பெட்டிகள் சிலோனுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றன, பத்தாவது வீட்டுப் பெட்டி பழுதுபட்டிருக்கிறது என்று அந்நாளில் ஒரு வேடிக்கைப் பேச்சு வழங்கிற்று.

1952 டிசம்பர் 3-ஆம் நாள் ரேடியோ சிலோனில் ‘பினாகா கீத்மாலா’ என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. பற்பசைக் கம்பெனி ஒன்றின் செலவில் பம்பாயில் பதிவாகி, ஒலிநாடாவாகக் கொழும்புக்கு விமானத்தில் சென்று, புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு ஒலிபரப்பாயிற்று. நடத்தியவர் அமீன் ஸயானி. அப்போது அவருக்கு வயது இருபது நிரம்பவில்லை. எழுதி, பேசி, வரும் கடிதங்களைச் சோதிப்பதற்கும் சேர்த்து வாரத்துக்கு 25 ரூபாய் ஊதியம். அனுபவசாலிகள் இந்த வேலையை ஏற்கவில்லை என்று அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். முதலில் அது தரவரிசை நிகழ்ச்சியாக இருக்கவில்லை. ஏழு பாட்டுகளை ஒலிபரப்புவார்கள். நேயர் அவற்றைச் சரியான வரிசையில் அமைத்து எழுதியனுப்ப வேண்டும். பரிசு 100 ரூபாய். நாற்பது ஐம்பது கடிதங்கள் வரலாம் என்று எதிர்பார்த்திருந்தனர். முதல் நிகழ்ச்சிக்கு வந்தவை 9,000. பின்னர் வாரத்துக்கு 65,000 என்று பெருகியபோது, எண்ணித் தீர்ப்பதே இயலாத காரியமாயிற்று. 1954-இல் போட்டியைக் கைவிட்டு, மக்கள் விரும்பிய பாட்டுகளின் தரவரிசையாக நிகழ்ச்சியை மாற்றியமைத்தனர்.

ஸயானியின் பேச்சு நடையை இங்கே சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. ‘சகோதர சகோதரிகளே’ என்று விளிக்கும் வழக்கை மாற்றிச் சகோதரிகளை முன்னே வைத்தார். பாட்டின் இடத்தை எண்ணாகச் சொல்லாமல் ‘பாய்தான்’, அதாவது படி, என்றார். இந்த வாரம் இப்பாட்டு இரண்டு படி ஏறியது, அது ஒரு படி இறங்கியது என்று அவர் சொல்லும்போது, ஏதோ ஊர்த் திருவிழாவில் வழுக்குமரம் ஏறுபவர்களைப் பார்ப்பது போன்ற பரபரப்புக் கேட்பவர்களைப் பற்றிக்கொள்ளும். குறித்த அளவு வாரங்கள் நிலைத்துவிட்ட பாட்டுக்கு முடிசூட்டி மரியாதையுடன் வழியனுப்பி வைப்பதும் உண்டு. எளிய ஹிந்துஸ்தானியில் அவர் பேசியதைக் கேட்டே அந்த மொழியைக் கற்றுக்கொண்ட தென்னாட்டவர் பலர்.

1953-ஆம் ஆண்டுப் பட்டியலின் முதல் இடத்தைப் பெற்றது ‘அனார்கலி’ படப் பாட்டு. அதற்கு இசையமைத்த ஸி. ராமசந்திராவைத் தமிழர் தம்மவர் என்று ஓரளவு உரிமை பாராட்டலாம். மராத்தியரான அவர் இசையமைப்பாளராக முதலில் பணிபுரிந்தது தமிழ்ப் படங்களிலேதான். 1941-இல் வெளிவந்த ‘வனமோகினி’ அவற்றுள் ஒன்று. 1958-இல் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்துக்கும் அவரே இசையமைத்தார். பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடும் நடனத்தை மறக்காத தமிழ் ரசிகர்கள், அதற்கு மெட்டமைத்தவரே அனார்கலிக்கும் மெட்டமைத்தவர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

1957-ஆம் ஆண்டின் தீர்ப்பு இன்னும் சுவையானது. ‘மதர் இந்தியா’, ‘பியாஸா’, ‘நயா தௌர்’ ஆகிய பெரும் படங்கள் வெளிவந்த ஆண்டு அது. நௌஷாத், எஸ். டி. பர்மன், ஓ. பி. நய்யார் ஆகிய மூவரும் தத்தம் திறமையின் உச்சியில் இருந்தனர். அவ்வாண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றதோ எஸ். என். திரிபாதி இசையமைத்த ‘ஜனம் ஜனம் கே ஃபேரே’ என்னும் சிறிய படத்தின் பாட்டு. பெரிய நட்சத்திரங்களின் துணை அதற்கில்லை. ராஃபியும் லதாவும் பாடிய அப்பாட்டு இன்றும் ஒலிக்கிறது. படத்தைப் பார்த்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். நட்சத்திரத்தின் முகத்தைக் கண்டு மயங்கி நேயர்கள் வாக்களித்தனர் என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல மறுமொழி வேறில்லை. காதால் கேட்டார்கள், காதைக் கொண்டே தீர்ப்பளித்தார்கள்.

தீர்ப்பில் களங்கமே இல்லை என்று சொல்வதற்கில்லை. கடிதங்களை மட்டும் எண்ணினால், வேண்டியவர்கள் கட்டுக்கட்டாக எழுதி அனுப்பிவிடலாம். ஆகையால் இசைத்தட்டு விற்பனையைக் கணக்கிட்டனர். கடையில் தட்டு தீர்ந்துவிட்டால் நல்ல பாட்டும் அவ்வாரக் கணக்கில் விழுந்துவிடும். இக்குறையைத் தீர்க்கப் பல ஊர்களிலும் இருந்த நேயர் சங்கங்களின் கருத்தையும் கேட்டுச் சேர்த்துக்கொண்டனர். இச்சங்கங்கள் தாமாகவே முளைத்தவை. கடைக்காரர், பள்ளி ஆசிரியர், மாணவர், ரயில்வே ஊழியர் எனப் பலதரத்தாரும் ஒரு பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்டு, வாதிட்டு, கையொப்பமிட்டு அனுப்பினர்.

நேயர் கடிதத்தால் பேர் பெற்ற ஊர் ஜும்ரி திலையா. அன்று பிகாரிலும், 2000-ஆம் ஆண்டு முதல் ஜார்க்கண்டிலும் அடங்கிய சிற்றூர் அது. அபிரகச் சுரங்கங்களுக்குப் பெயர் போனது. அங்கிருந்து ரேடியோ சிலோனுக்கும், பின்னர் விவித பாரதிக்கும் ஓயாமல் விருப்பக் கடிதங்கள் சென்றன. யார் அதிகம் எழுதுவது என்று அவ்வூரார் தமக்குள்ளே போட்டியிட்டனர். மத்தியப் பிரதேசத்தின் ராஜ்நந்த்காவ், பாடாபாரா போன்ற ஊர்களும் போட்டிக்கு வந்தன. அவை இன்று சத்தீஸ்கரைச் சேர்ந்தவை. விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை வாசித்து முடிக்கப் பாட்டைவிட அதிக நேரம் பிடிக்கிறது என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. ஜும்ரி திலையா என்று ஓர் ஊரே கிடையாது, அறிவிப்பாளர் கட்டிவிட்ட பெயர் என்று நம்பியவர்களும் உண்டு. எனக்கென்னவோ அந்தப் பெயர்ப் பட்டியல் வீணாகத் தோன்றவில்லை. செய்தித்தாளில் ஒருபோதும் இடம்பெறாத பெயர்கள் அவை. சுரங்க ஊரில் இருந்த ஒருவர், தம் பெயரை நாடு முழுவதும் கேட்க, தமக்குப் பிடித்த பாட்டு இன்னதென்று சொல்லிக்கொள்வதற்கு வேறு என்ன வழி இருந்தது?

இந்தக் கடிதங்களின் பாரத்தை தில்லியும் உணர்ந்தது. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் அகில இந்திய வானொலி, கவிஞர் நரேந்திர சர்மாவின் பொறுப்பில் விவித பாரதியைத் தொடங்கியது. பம்பாய், சென்னை ஆகிய இரண்டு இடங்களில் இருந்த சிற்றலை ஒலிபரப்பிகள் அதனை நாடெங்கும் பரப்பின. திரைப்பாட்டு மீண்டும் வீடு திரும்பியது. கேஸ்கர் அப்போதும் அமைச்சராகவே இருந்தார். 1967-இல் விளம்பரங்களும் வந்தன. இசையமைப்பாளர், கவிஞர் ஆகியோரின் பெயர்களும் முறையாகச் சொல்லப்படலாயின. கவிஞர் பெயரைச் சொல்ல வேண்டுமென்று வற்புறுத்தியவர்களுள் சாஹிர் லுதியான்வி குறிப்பிடத்தக்கவர். கீத்மாலாவும் 1989-இல் கொழும்பை விட்டு விவித பாரதிக்கே வந்து, 1994 வரை நடைபெற்றது. ஸயானி 2024 பிப்ரவரியில் தம் 91-ஆம் வயதில் காலமானார்.

கடிதம் எழுதிய தலைமுறையிலிருந்து மற்றொரு வகை ரசிகரும் தோன்றினார். கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் ‘ஹம்ராஸ்’ என்பவர், ஹிந்தித் திரைப்பாடல்கள் அனைத்தையும் படவாரியாகத் தொகுக்க முற்பட்டார். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், இசைத்தட்டுகள், பழைய பத்திரிகைகள் ஆகியவற்றைத் தேடியலைந்து, பத்தாண்டுக்கு ஒரு தொகுதியாக ‘ஹிந்தி ஃபில்ம் கீத் கோஷ்’ என்ற பெயரில் 1980 முதலாக வெளியிட்டார். பல்கலைக்கழகங்கள் கருதிப் பாராத வேலை அது. ‘ஆலம் ஆரா’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அதன் ஏழு பாட்டுகளுக்கும் இசைத்தட்டுகள் வெளிவரவில்லை. அவை எவ்வாறு ஒலித்தன என்று கேட்டறிய வழியில்லை; எனினும் அந்த ஏழு பாட்டுகளின் பட்டியலை ஹம்ராஸின் தொகுதியில் காணலாம்.