இரத்தோட்டைக்கு ஏற்ற வான்கம்பி

1901 டிசம்பர் 12 ஆம் நாள், நியூபவுண்ட்லாந்திலே பட்டத்திற் கட்டி உயர்த்திய கம்பியின் துணையால் அத்திலாந்திக்குக்கு அப்பாலிருந்து வந்த குறியைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். மெய்யாகவே கேட்டாரோ என ஐயுறுவார் இன்றும் உளர். ஆயினும், இரு கரைகளிலும் அவர் நாட்டிய பெருங்கம்பங்கள் அவ்வாண்டே காற்றில் வீழ்ந்தபின், தூக்கிச் செல்லக்கூடிய கம்பியே கைகொடுத்தது.

இலங்கையிலும் 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை தொலைபேசித் தொடர்பைத் துண்டித்தபோது, இலங்கை வானொலிக் கழகத்தினர் அம்பாந்தோட்டையிற் சிற்றலைக் கருவியமைத்துக் கொழும்புக்குச் செய்தி அனுப்பினர்.

மண்சரிவு பாதையை மறிக்குங்கால் மலைநாட்டு இரத்தோட்டைக்கும் இத்தகைய கம்பி உதவும். இங்கே உயரமே சிறப்பென்று கருதுதல் தவறு. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் நேரே செல்லும் அலைகளைத் தடுக்கும். தாழக் கட்டிய கம்பியோ அலையைச் செங்குத்தாக மேலே செலுத்த, அயன்மண்டலம் அதனை மலைக்கு அப்பால் மீளத் தரும். பகலில் 7.1 மெகாஹேர்ட்சுக்கு 10 மீற்றர் நீளமான இரு கைகள் போதும், இரவில் 3.6 மெகாஹேர்ட்சுக்கு அந்நீளம் இருமடங்காகும். முதலிற் சிறிது மிகையாக வெட்டிப் பின் குறைத்தல் நன்று. குறைய வெட்டிய கம்பி வளராது. நடுப்பகுதியை மூங்கிற் கழியில் ஏழு மீற்றர் அளவில் உயர்த்தி, நுனிகளை நைலோன் கயிற்றால் இருபுறமும் சரித்துக் கட்டலாம். மின்கம்பிகளுக்கு அண்மையிற் கட்டலாகாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி முழங்குமுன் கம்பியைக் கருவியினின்றும் கழற்றிவிடுதல் வேண்டும்.