உழவுக்குப் பிறந்த வண்டி



வயல் வேலையும் செய்யணும், சந்தைக்கும் போய் வரணும், அப்படி ஒரே வண்டி கிடைக்காதா என்று நாம் பேசிக்கொள்வது உண்டு. அந்த ஆசையில் பிறந்ததுதான் பிரிட்டனின் லேண்ட்ரோவர். அதன் பழைய தலைமுறையையும் புதிய தலைமுறையையும் இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ரோவர் கம்பெனியின் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ். வேல்ஸ் பகுதியில் ஆங்கிள்சி தீவில் அவருக்குப் பண்ணை இருந்தது. உலகப் போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க ஜீப் ஒன்றை அங்கே வேலைக்கு வைத்திருந்தார். அது ஓய்ந்துபோனால் வேறு எதை வாங்குவது? நாமே செய்துவிடலாமே என்று அண்ணன் ஸ்பென்சரோடு கலந்து பேசி, 1947-ல் வேலையைத் தொடங்கினார். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி வெளிவந்தது.

அப்போது அங்கே எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் அடிச்சட்டம் எஃகு என்றாலும், மேல்தகடு அலுமினியக் கலவை. எஞ்சின் சுமார் 50 குதிரைத்திறன். நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. டிராக்டரில் இருப்பது போல பி.டி.ஓ. பொருத்தி மரம் அறுக்கலாம், கதிரடிக்கலாம். பழுதானால் ஸ்பேனரை வைத்துக்கொண்டு வீட்டிலேயே கழற்றி மாட்டலாம்.

குறையையும் சொல்லணும் இல்லையா? 1980-களில் சுருள் ஸ்பிரிங் வரும்வரை குலுக்கல் அதிகம். மழைத்தண்ணி உள்ளே ஒழுகும். அடிச்சட்டம் துருப்பிடிக்கும். 1990-ல் டிஃபெண்டர் என்று பெயர் மாறியது. அமைப்பு பெரிதாக மாறவில்லை. புகை, பாதுகாப்பு விதிகள் இறுகவே, 2016 ஜனவரி 29-ல் சொலிஹல் ஆலையில் கடைசி வண்டி இறங்கியது. மொத்தம் 20 லட்சத்துக்கும் மேல்!

கம்பெனி 2008-லேயே நம் டாடாவின் கைக்கு வந்துவிட்டது. புதிய டிஃபெண்டர் 2019-ல் அறிமுகமாகி, ஸ்லோவாக்கியாவில் தயாராகிறது. தனி அடிச்சட்டம் கிடையாது, உடலே சட்டம். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். பழையது அரை மீட்டர் தண்ணீரில் போகும். புதியது, காற்று ஸ்பிரிங் இருந்தால், 90 சென்டிமீட்டர் வரை தாண்டும். சொகுசிலும் பாதுகாப்பிலும் புதியதுதான் மேல், சந்தேகமே வேண்டாம்.

ஆனால் பி.டி.ஓ. போய்விட்டது. பல பழுதுகளைக் கண்டுபிடிக்கவே கம்ப்யூட்டர் வேணும். விலையோ சாதாரண உழவருக்கு எட்டாது. சேற்றைத் தாண்டும் திறமை கூடியது; பண்ணையாளின் கை அதைவிட்டு விலகியது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. பவர் டில்லரோ, டிராக்டரோ வாங்கப் போகும்போது எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "நடவு நேரத்தில் நின்றுபோனால் யார் வந்து பார்ப்பார்? உதிரி பாகம் எங்கே கிடைக்கும்? நானே எதைச் சரிசெய்யலாம்?" என்றும் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் பணத்தைக் கொடுங்கள்.