எலும்பு முறியவில்லை, ஆனால்...

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே, தேயிலைச் சரிவுகளின் நடுவே உள்ள சிறு ரயில் நிலையம் றொசல்ல. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் செய்தி சேகரிக்க அங்கு சென்றிருந்தேன். லயத்து வாசலில் கணுக்காலில் துணி சுற்றியபடி ஓர் அம்மா அமர்ந்திருந்தார். ஆறு மாதங்களுக்கு முன், கொழுந்துக் கூடையோடு மலை இறங்கும்போது கால் மடங்கியதாம். "எக்ஸ்ரே புடிச்சுப் பார்த்தாங்க ஐயா. எலும்பு முறியலை, ஒன்னுமில்லைனு சொல்லிட்டாங்க. ஆனா எறக்கத்துல கால வைச்சா இன்னும் பெசகுது" என்றார்.

அந்த "ஒன்னுமில்லை" என்ற சொல் நெடுநாள் என்னைத் தொடர்ந்தது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென இலங்கையில் 1872இலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. ஆயினும் தொழிலாளி முதலில் கண்ட மருத்துவர் தோட்டத்து டிஸ்பென்சர்தான். வேலையில் நேரும் காயத்துக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1934இல் வந்தது. நட்டஈடு கேட்பவர் காயத்தை மெய்ப்பிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத காயத்தை எப்படி மெய்ப்பிப்பது?

உடலுக்குள் பார்க்கும் வழியை 1895 நவம்பரில் ஜெர்மனியில் றொன்ட்ஜன் கண்டறிந்தார். அவருடைய எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியது. ஆனால் எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் இணைநாரை அது காட்டுவதில்லை. கால் உள்நோக்கி மடங்கும்போது பெரும்பாலும் முதலில் கிழிவது, கணுக்காலின் வெளிப்புறத்தில் முன்பக்கமாக உள்ள மெல்லிய நாரே. அது முற்றாக அறுந்தாலும் சாதாரண எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒழுங்காகவே தெரியக்கூடும். பாதத்தை விசையோடு திருப்பிப் பிடித்துப் படம் எடுத்தும், மூட்டுக்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்தும் மருத்துவர்கள் அந்தக் கிழிசலை மறைமுகமாக ஊகித்தனர்.

மருத்துவத்தில் ஒலியலைப் படத்துக்கு 1958இல் கிளாஸ்கோவின் இயன் டொனால்ட் வழிகாட்டினார். காந்தப் புலத்தால் படம் பெறும் முறையை 1973இல் லோட்டர்பர் வெளியிட்டார். அவருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நாரையும் அதன் கீழுள்ள குருத்தெலும்பையும் காட்டுகிறது. அல்ட்ராசவுண்டிலோ பாதத்தை அசைத்தபடியே நாரின் இழுவையைப் பார்க்க முடிகிறது.

ஆனால் வியப்பு இதுவன்று. கருவிகள் பெருகிய காலத்திலேயே மருத்துவம் கைவிரலின் மதிப்பையும் மீண்டும் உணர்ந்தது. கனடாவின் ஒட்டாவாவில் ஸ்டீல் குழுவினர் 1992இல் எளிய விதிகளை வகுத்தனர். குறிப்பிட்ட எலும்பு முனைகளில் அழுத்தினால் வலிக்கிறதா, நான்கு அடி நடக்க முடிகிறதா என்று பார்த்தே எக்ஸ்ரே தேவையா என முடிவு செய்யலாம். நெதர்லாந்தில் வான் டைக் குழுவினர் 1996இல் இன்னொன்றைக் காட்டினர். வீக்கம் தணிந்தபின், ஐந்தாம் நாளளவில் கையால் மீண்டும் சோதித்தால் நார் கிழிந்திருப்பதைப் பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடிக்கலாம் என்றனர். ஸ்கேன் பெரும்பாலும் வலி நீடிப்பவர்களுக்கும், கால் அடிக்கடி பிசகுபவர்களுக்குமே தேவைப்படுகிறது.

இந்திய நிதியுதவியில் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா மருத்துவமனை 2017 மே 12இல் திறக்கப்பட்டது. மலையகத்துக்கு அது பெரும் வரவு. ஆனால் செலவே இல்லாத அந்த ஐந்தாம் நாள் சோதனைக்குத் தொழிலாளி மீண்டும் வர வேண்டும். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. மறுநாளே நிரையில் நின்றவருக்கு ஐந்தாம் நாளில் சோதிக்க யார் இருக்கிறார்கள்?

எக்ஸ்ரே பொய் சொல்வதில்லை. தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறது. அது சொல்லாததையும் "ஒன்றுமில்லை" என்று வாசித்தவர்கள் நாம்தான். அந்த அம்மாவின் கணுக்கால் அதைத்தான் எனக்குக் கற்றுத்தந்தது.