பாட்டில் மூச்சு, குழியில் மூச்சு

தமிழ்த் திரைப்பாடலில் மூச்சு பெரும்பாலும் காதலர்களின் சொத்து. அவள் மூச்சுக்காற்று, அவன் சுவாசம் என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். 'கேளடி கண்மணி' (1990) படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் மூச்சு விடாமல் பாடுவதுபோல் ஒரு பாடல் வந்தது. மூச்சு வித்தையாகவும் ஆனது. ஒரே மூச்சில் பாடினாரா, ஒலிப்பதிவில் ஒட்டினார்களா என்று டீக்கடைகளில் வாதாடினோம். (எழுதியவர், கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடித் திரிந்த பாவலர் வரதராசன். அந்தப் பேச்சு வாதத்தில் வந்ததே இல்லை.)

மூச்சு திணறியவரின் சொல்லே பாட்டானதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டும். 2014 ஜூலை 17 அன்று நியூயார்க்கில் காவலர் ஒருவர் கழுத்தை வளைத்துப் பிடித்தபோது, எரிக் கார்னர் என்ற கறுப்பினத்தவர் மூச்சுவிட முடியவில்லை என்று 11 முறை சொன்னார். நண்பர் ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்தார். 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டும் அதையே சொன்னார், அதுவும் பதிவானது. அந்தச் சொல்லையே தலைப்பாக்கி 'ஹெர்' என்ற பாடகி பாடிய பாட்டுக்கு 2021இல் கிராமி விருது கிடைத்தது. விருது கிடக்கட்டும். சாகிறவர் சொன்னது உலகத்தின் காதில் விழுந்தது, அதனால் தெரு அதைப் பாடியது.

நம் பாதாளச் சாக்கடைக்குள் யார் பதிவு செய்கிறார்கள்? ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். மிகுந்தால் மூக்கே மரத்துப்போகும். இறங்கியவர் கூப்பிட நேரமில்லாமல் சரிகிறார். தூக்கப் போனவரும் சரிகிறார். மறுநாள் செய்தி, 'விஷவாயு தாக்கிப் பலி'. கொன்றது வாயுவாம்! இறக்கிவிட்டவர் அந்த வாக்கியத்தில் இல்லை. ஏன் இந்தச் சாதிக்காரரே இறங்குகிறார் என்பதும் இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. சாக்கடைச் சாவுக்கு இழப்பீடாக உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது 10 லட்சம், 2023இல் 30 லட்சம்.

குழிக்குள் சொன்ன கடைசிச் சொல் நம்மிடம் இல்லை. இருப்பது வீட்டுப் பெண்களின் ஒப்பாரி. ஸ்டூடியோவில் பாடகரின் மூச்சிழுப்பைப் பல நேரம் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஒப்பாரியில் அடிக்கு அடி அது விம்மலோடு கேட்கும். செத்தவர் பேரும் உறவும் கேட்கும். கானாவும் ராப்பும் எழுதும் நம் பிள்ளைகள் இழவு வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்கட்டும். ஒப்பந்தக்காரர் பேரையும், ஏவிய அதிகாரியின் பதவியையும், குழி இருந்த தெருவையும் அதில் சேர்த்துப் பாடட்டும்.