தார் நின்ற இடம்

1

தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் ஆற்றைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அக்ரகாரத்தைப் பற்றி, சங்கீதத்தைப் பற்றி, வெற்றிலை சீவலைப் பற்றிக்கூட எழுதியாகிவிட்டது. காலுக்கடியில் கிடக்கிற பாதையைப் பற்றி எழுதியது குறைவு. கதையில் பாதை வந்தால் அது பெரும்பாலும் மண்பாதை. இரண்டு பக்கமும் வயல். நடந்து வருகிறவன் பட்டணத்திலிருந்து லீவில் வருகிறவன். அவனுக்கு அந்த மண் அழகாக இருக்கிறது. அந்தப் பாதை யாருடையது, அதில் நடக்க யாரிடம் கேட்கவேண்டும் என்ற கேள்வி அவனுக்கு எழுவதில்லை. எழவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய காவேரிப் பயண நூல் 1971இல் வந்தது. ‘நடந்தாய் வாழி காவேரி’ என்று பெயர். நடை ஆற்றினுடையது, ஆசிரியர்களின் பயணம் பெரும்பாலும் காரில். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கரையோரம் கார் போகிற அளவுக்குப் பாதை இருந்தது என்பதே ஒரு சரித்திரச் செய்தி. அதைச் செய்தியாக நாம் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

நான் வங்கியில் குமாஸ்தா. கடனுக்காக வருகிற பத்திரங்களைப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. பத்திர எழுத்தர்களின் தமிழை நம்மவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் நம் கதைகள் கேட்காததை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். நாலு எல்லை சொல்லி, கிணறு, மரம், கதவு, நிலை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, ‘மாமூல் நடைபாதை, வண்டிப்பாதை பாத்தியம் உள்பட’ என்று ஒரு வரி வரும். மனையை வாங்கினால் போதாது, மனைக்குப் போகிற பாத்தியத்தையும் வாங்கவேண்டும் என்று அந்த எழுத்தருக்குத் தெரிந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

2

முதலில் பொருளைப் பற்றி. டெல்டாவில் கல் கிடையாது. பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிற தேசம் இது. வண்டலில் களிமண் அதிகமான இடத்தில், சித்திரையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். ஐப்பசியில் ஊதிப் பிசுபிசுக்கும். நெல்லுக்கு இதைவிட நல்ல மண் இல்லை. பாதைக்கு இதைவிடக் கெட்ட மண் இல்லை. ஆகவே இங்கே பாதை போடுவது என்றால் வேறு மண்ணைக் கொண்டுவருவது என்று அர்த்தம். வல்லம் பக்கத்துச் செம்மண் கிராவலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கருங்கல் ஜல்லியும் லாரி லாரியாக வந்துதான் இந்த ஜில்லாவில் ரோடு என்று ஒன்று உண்டாயிற்று.

‘தார்’ என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. நம் அகராதியில் ‘கீல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. நிலக்கீல் என்று பிற்காலத்தில் புதிதாகச் செய்தது அதிலிருந்துதான். உண்மையில் தார் வேறு, நிலக்கீல் வேறு. தார் நிலக்கரியை வாட்டி எடுப்பது. இன்று ரோட்டில் ஊற்றுவது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்குவது. ஜனங்கள் இரண்டையும் தார் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். மொஹஞ்சதாரோவின் பெரிய குளத்தில் தண்ணீர் கசியாமலிருக்க இதைப் பூசியிருக்கிறார்கள். அங்கே தண்ணீரை உள்ளே நிறுத்திவைத்த வஸ்து, ரோட்டில் தண்ணீரை வெளியே நிறுத்திவைக்கிறது.

மாட்டுவண்டிக்குத் தார் தேவையில்லை. உடைத்த கல்லை இறுக்கிப் போட்டால் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அப்படித்தான். மோட்டார் காரின் ரப்பர்ச் சக்கரம் கல்லிடுக்கிலிருந்த புழுதியை உறிஞ்சிக் கிளப்பத் தொடங்கியபோதுதான் தார் வந்தது. இந்தியாவில் 1927இல் ஜயகர் கமிட்டி அமைக்கப்பட்டது. 1929இல் பெட்ரோல் வரியிலிருந்து மத்திய சாலை நிதி பிறந்தது. ஆகத் தார், கார் வைத்திருந்தவனுக்காகக் கார் வைத்திருந்தவனின் வரியில் தொடங்கியது. நடக்கிறவன் அதன் கணக்கில் இல்லை. ஆனால் அவனுக்கும் அது பயன்பட்டது. எப்படி என்பதுதான் சரித்திரம்.

3

1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் ஒரு விஷயம் சொல்கிறது. பிறர் நிலத்தின் வழியாக இருபது வருஷம் பகிரங்கமாக, சச்சரவில்லாமல், உரிமையாக நடந்து வந்தால் வழிநடைப் பாத்தியம் உண்டாகும். ‘உரிமையாக’ என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. அனுமதியின்பேரில் நடந்தால் அறுபது வருஷம் நடந்தாலும் பாத்தியம் பிறக்காது. தஞ்சாவூர்ப் பண்ணையாள் மிராசுதாரின் மனையில் குடிசை போட்டு, மிராசுதாரின் வரப்பில் நடந்து, மிராசுதாரின் களத்தில் நெல் தூற்றினவன். அவனுடைய ஒவ்வொரு அடியும் அனுமதியின்பேரில் வைத்த அடி. தலைமுறைக்கணக்காக நடந்தும் அவன் கால் பாதை எதையும் சம்பாதிக்கவில்லை.

இதற்குப் பதில் சட்டசபையிலிருந்து வந்தது. 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பாரும் நடப்பதற்கு ஆட்சேபம் இருக்கக்கூடாது. தீர்மானம் நிறைவேறியது. அதே வருஷம் திருவிதாங்கூரில் வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காக சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பாலக்காட்டில், கல்பாத்தி அக்ரகாரத் தெருவில் ஈழவர் நடந்ததை எதிர்த்துக் கலகம் ஏற்பட்டது. அங்கே எழுந்த வாதம் கவனிக்கத்தக்கது: அது பொதுத்தெருவா, அக்ரகாரத்தாரின் சொந்தத் தெருவா? தீண்டாமையை நேரடியாக நியாயப்படுத்த முடியாமல் போனபோது வாதம் சொத்துக்கு மாறியது. பாதை யாருடையது என்ற கேள்வி அன்றைக்கே மையத்துக்கு வந்துவிட்டது.

1950இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு இதற்குப் பதிலாக ஓர் அளவுகோலைத் தந்தது. முழுவதுமோ ஒரு பகுதியோ அரசாங்கப் பணத்தில் பராமரிக்கப்படுகிற கிணறு, குளம், படித்துறை, சாலை எதிலும் சாதியின் பேரால் தடை இருக்கக்கூடாது. இதை வாசிக்கிறபோதுதான் எனக்குத் தாரின் அர்த்தம் புரிந்தது. பஞ்சாயத்துக் காசில் ஒரு பீப்பாய் தார் ஊற்றப்பட்ட மறுநாள் அந்தப் பாதை யாருடைய தாத்தாவின் சொத்தும் அல்ல. தார் ஒரு ரசீது. கறுப்பாக, எல்லோரும் படிக்கும்படி, தரையிலேயே எழுதிய ரசீது.

ஆனால் ரசீது எங்கே கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை? காத்லீன் கஃப் 1951இல் தஞ்சாவூர் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்தார். அதற்கு ‘கும்பபேட்டை’ என்று புனைபெயர் வைத்தார். பத்து வருஷம் கழித்து ஆந்த்ரே பெத்தேய் இன்னொரு கிராமத்தில் தங்கினார், அது ‘ஸ்ரீபுரம்’. இரண்டு புத்தகங்களிலும் தெருக்களின் அமைப்பே சமூகத்தின் அமைப்பாக இருக்கிறது: அக்ரகாரம், குடியானத் தெரு, வயலுக்கு அப்பால் சேரி. அக்ரகாரத்தில் வீடு எடுத்துத் தங்கிய பெத்தேய்க்குச் சேரிக்குத் தாராளமாகப் போய்வர முடியவில்லை. வங்காளத்திலிருந்து வந்த ஒரு சமூகவியலாளரின் கால்களுக்கே அந்தத் தடை பொருந்தியது என்றால், அது எவ்வளவு தூரம் தரையோடு தரையாகப் பதிந்திருந்தது என்று பார்க்கவேண்டும்.

1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கூலித் தகராறு. 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனை அவனுக்கே சொந்தம் என்றது அது. இந்த ஜில்லாவில் ஒரு பெரிய காரியம் அது, சந்தேகமில்லை. ஆனால் நான் பார்த்த பல இடங்களில் பட்டா மனைக்கு இருந்தது, மனையைச் சுற்றி இன்னும் பழைய முதலாளியின் வயல் இருந்தது. வீடு சொந்தம், வீட்டுக்குப் போகிற வரப்பு சொந்தமில்லை. பிரசவத்துக்குக் கட்டிலில் தூக்கிப்போனதும், பிணத்தை நடவு வயலுக்குள் இறங்கித் தூக்கிப்போனதும் இதனால்தான்.

4

இந்த இடத்தில் என் சொந்த வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். பிறர் பாதையைப் பற்றிப் பேசிவிட்டுத் தப்பித்துப்போவது சரியில்லை.

எங்கள் ஊர்களில் பழைய வீடுகளுக்கு இரண்டு பாதை. வாசல்வழி ஒன்று, பக்கத்துச் சந்தில் புகுந்து கிணற்றடி, மாட்டுக்கொட்டில் வரை போகிற கொல்லைவழி ஒன்று. நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தபோது தெருவுக்குத் தார் போட்டார்கள். சாயங்காலம் கலவை கொஞ்சம் மீந்துவிட்டது. மேஸ்திரி அப்பாவிடம் வந்து, “சூடு ஆறுறதுக்குள்ள எங்கயாவது கொட்டியாகணும் ஐயா, கொல்லைக்குப் போட்டுரலாமா?” என்றார். அப்பா கொஞ்சம் பணம் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் எங்கள் சந்து கறுப்பாகிவிட்டது. ஜில்லாவில் தார் போட்ட கொல்லைவழி எங்களுடையது ஒன்றுதான் என்று அப்பாவுக்குப் பெருமை.

அடுத்த மழைக்கு அது கெட்டது. காரணம் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். வீட்டைச் சுற்றிப் பாதை போடுகிறவன் முதலில் தாரைப் பற்றி யோசிக்கக்கூடாது. தண்ணீரைப் பற்றி யோசிக்கவேண்டும். வேரும் மக்கும் கலந்த மேல்மண்ணை வெட்டி எடுக்கவேண்டும். அரை அடிக்குக் கிராவல் பரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கவேண்டும். சுவரிலிருந்து வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். ஓரம் உதிராமலிருக்கச் செங்கல்லை நிறுத்திவைத்துக் கட்டவேண்டும். அதன்பிறகு சூடான கலவையை ஒரே கனமாகப் பரப்பி ஆறுமுன் உருட்டவேண்டும். இதெல்லாம் மேட்டூர்த் தண்ணீர் நிற்கிற ஜனவரிக் கடைசிக்கும் அது திறக்கிற ஜூன் மாதத்துக்கும் நடுவே, மண் உலர்ந்திருக்கும்போது நடக்கவேண்டும். எங்கள் சந்தில் வெறும் களிமண்மேல் கொட்டினார்கள். களி ஊதியது, தார் வெடித்தது, வெடிப்பில் தண்ணீர் இறங்கியது. சரிவு சுவர்ப்பக்கமாக இருந்ததால் அடுக்களைச் சுவர் ஓதம் ஏறியது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஓதத்தை அல்ல. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, கொட்டில் கூட்டிவந்த ஓர் அம்மாள் உண்டு. கொல்லைவழிதான் அவருக்கு. தார் போட்ட மறுநாள் வந்து நின்று பார்த்துவிட்டு அம்மாவிடம், “இனிமே சேறு மிதிக்க வேணாம்மா” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். எங்களுக்கும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி. சேறாக இருந்தவரையிலாவது, மழைநாளில் முன்பக்கமாக வரச்சொல்லலாமே என்று ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் யாருக்காவது தோன்றியிருக்கும். தார் அதற்கு அவசியமில்லாமல் செய்துவிட்டது. அவர் கடைசிவரை அந்த வழியாகத்தான் வந்தார்.

5

ஊருக்கும் இதுதான் நடந்தது. சேரியிலிருந்து சுடுகாட்டுக்கு வழி கேட்டுப் பல ஊர்களில் போராடினார்கள். ஊர்த்தெரு வழியாகப் பிணம் போகக்கூடாது என்று தகராறு. அதிகாரிகள் வந்து சமாதானம் பேசி, வயலோரமாகத் தனியாக ஒரு பாதை போட்டுக் கொடுத்தார்கள். தனிச் சுடுகாடு, அதற்குத் தனித் தார்ப்பாதை. வயலில் இறங்கித் தூக்கிப்போன கஷ்டம் தீர்ந்தது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் பிரிவினை முதல்தடவையாக அரசாங்கச் செலவில், ஒப்பந்தப்புள்ளி கோரி, நிரந்தரமாக்கப்பட்டது. ரசீது என்று மேலே சொன்னேன். சில ரசீதுகளில் ‘இத்துடன் கணக்குத் தீர்ந்தது’ என்றும் எழுதியிருக்கும்.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கம் பஸ்ஸில் வருகிறவர்கள் ரோட்டில் பாதிக்கு நெல் காய்வதைப் பார்த்துத் திட்டுகிறார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் நூற்றுக்குப் பதினேழுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. குறுவை அறுப்பு மழைக்காலத்தில் வருகிறது. முன்பு காயவைக்கக் களம் வேண்டும்; களம் பெரிய பண்ணையிடம் இருந்தது. இப்போது அரைக் காணி குத்தகைக்காரன் யாரையும் கேட்காமல் தார்மேல் பரப்பிவிட்டு, சுற்றிக் கல் வைத்து, ராத்திரி பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறான். கார்காரனுக்காக வந்த தார், களம் இல்லாதவனுக்குக் களமாயிற்று. எந்தத் திட்டத்திலும் இது எழுதப்படவில்லை.

தார் உயரமும் ஆகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் ரோடு உயர்ந்து வீடுகள் பள்ளமாயின. முன்பு மூன்று படி ஏறிப்போன திண்ணைக்கு இப்போது ஒரு படி இறங்கவேண்டும். பழைய மட்டத்துக்குச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போடவேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவிட்டார். அதற்குள் பல தெருக்களில் மழைத்தண்ணீர் உள்ளே வரக் கற்றுக்கொண்டுவிட்டது. நாலு தலைமுறையாக உயரத்தை வைத்தே கௌரவம் பேசிய வீடுகளுக்கும், எப்போதும் பள்ளத்திலேயே இருந்த குடிசைகளுக்கும் ஒரே தண்ணீர். இதைச் சமத்துவம் என்று சொல்லிவிடலாகாது. மெத்தை வீட்டுக்காரன் தரையை உயர்த்திக் கட்டிக்கொள்வான்.

ஆகவே மண்பாதையின் அழகுக்காக ஏங்குகிற எழுத்தோடு எனக்கு உடன்பாடில்லை. தார் வந்ததும் எல்லாம் வந்துவிட்டது என்கிற எழுத்தோடும் இல்லை. ஒரு கிராமத்தின் சரித்திரம் வேண்டுமென்றால் தார் எங்கே தொடங்கியது, எந்த வருஷம் எங்கே நின்றது, நின்ற இடத்திலிருந்து மறுபடி நகர எத்தனை வருஷமாயிற்று, நகர்ந்தபோது நேராக வந்ததா சுற்றிக்கொண்டு போனதா என்று கேட்டால் போதும். கல்வெட்டு படிப்பதைவிடச் சுலபம்.

வங்கியில் வீட்டுக்கடன் படிவத்தில் ‘அணுகுபாதை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. போன வாரம்கூட ஒரு காலனி வீட்டுக்கு அதில் ‘உண்டு, தார்’ என்று எழுதினேன். எழுதியது சரிதான். மனுப் போட்ட பையனிடம் எந்தப் பக்கமாக வருகிறது என்று கேட்டேன். “ஊருக்குள்ள வராம, வாய்க்கால் கரையோட சுத்தி வரும் சார்” என்றான். அதை எழுதக் கட்டம் இல்லை.