கோணநாயகருக்கு இடமளித்த ஊர்



கந்தளாயிலிருந்து திருக்கோணமலைத் துறைமுகத்துக்குச் செல்லும் வழியிலே, பரந்த நெல்வயல்களின் நடுவே தம்பலகாமம் என்னும் பழம்பதி உளது. கடலையும் துறைமுகத்தையும் காண விரையும் உல்லாசப் பிரயாணிகள் இவ்வூரிலே தரிப்பது அரிது. ஆயினும், போருக்குப் பின் வாழ்வு எவ்வாறு மீள்கின்றது என்பதை அறிய விரும்புவோர் முதலிற் காணவேண்டிய ஊர் இதுவே.

சுவாமிமலையில் விளங்கிய கோணேசர் பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தனர். அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். அடியார்கள் திருவுருவங்களை மறைத்துக் காத்தனர் என்றும், பின்னர் அவை தம்பலகாமத்தில் எழுந்தருளின என்றும் மரபு கூறும். அங்கு அமைந்ததே ஆதிகோணநாயகர் ஆலயம். புதைந்து கிடந்த வேறு சில திருவுருவங்கள் 1950இல் திருக்கோணமலையிலே கிணறு வெட்டியபோது வெளிப்பட்டன. 1963இல் சுவாமிமலையிற் புதிய ஆலயம் குடமுழுக்குக் கண்டது. இடிந்தது மீண்டெழ மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

தம்பலகாமத்தின் வயல்களை வாழ்விப்பது கந்தளாய்க் குளம். அதனைக் குளக்கோட்டன் கோயிற்றிருப்பணிக்காகக் கட்டுவித்தான் என்பது தமிழ் மரபு; ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியின் பணி என்பர் வரலாற்றாசிரியர். யார் கட்டினும், அதன் நீர் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தார் வயல்களிலும் பாய்கின்றது. 1986இல் அதன் அணை உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பேணாத அணை நில்லாது, சமாதானமும் அத்தகையதே.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரின் துயரைப் பள்ளிக்கூடத்து இடாப்பே அறியும். பிள்ளையின் பெயருக்கு எதிரே ‘இடம்பெயர்ந்தார்’ என்று எழுதிய கைகளுள் என் கையும் ஒன்று. 2002இல் போர்நிறுத்தம் வந்தது; நம்பிக்கை துளிர்த்தது. 2006இல் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதை அடுத்து மீண்டும் பெரும்போர் மூண்டது. நீரைப் பகிர்ந்து வாழும் நாட்டிலே, நீரே போருக்கு வாயிலாயிற்று!

இன்று நிலாவெளிக் கடற்கரையும், புறாத்தீவும், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் பிரயாணிகளை ஈர்க்கின்றன. 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் பயணத்தை எளிதாக்கியது. எனினும் 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு முதலிய இடங்களில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளால், நாடெங்கும் விடுதிகள் வெறிச்சோடின. பிரயாணிகளின் வருகை சமாதானத்தின் விளைச்சலே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? விதை விதைப்பவர் இங்கு வாழும் மக்களே. அவர்தம் நிலம் அவர்க்கே உரியதாய், குளத்து நீர் முறைதவறாது பாய்வதாய் இருத்தல் வேண்டும். விடுதிகள் ஈட்டும் பொருளில் உழவருக்கும் மீனவருக்கும் பங்கு கிடைத்தல் வேண்டும்.

அன்று கோயிலிழந்த இறைவனுக்கு இடமளித்த ஊர் இது. திருக்கோணமலைக்கு வரும் அன்பர்கள் இங்கும் ஒரு பொழுது தங்கிச் செல்வார்களாக. அவர்கள் அச்சமின்றி வரும் நாள் நீடிக்குமாயின், எம் பள்ளி இடாப்பில் அந்த ஒரு சொல்லை இனி எவரும் எழுத நேராது.